சாஃப்ட் டாப் பின் கண்ணாடி ஓர டிரிம் உரிந்து வருகிறது: எந்தப் பசை, எப்படி ஒட்டுவது?

மடக்குக்கூரை:

வணக்கம் நண்பர்களே. என் காரில் சாஃப்ட் டாப், அதாவது மடக்கும் துணிக் கூரை; பின்னால் கண்ணாடி ஜன்னல், டீஃபாகர் (கண்ணாடியின் பனிப்படலத்தை நீக்கும் சூடேற்றும் கோடுகள்) உண்டு. கண்ணாடியின் வெளி ஓரத்தைச் சுற்றி வரும் துணி டிரிம் (ஓரப் பட்டை) இடதுபக்கக் கீழ் மூலையில் ஆரம்பித்து நடுவை நோக்கி 40 செ.மீ. வரை எழும்பி நிற்கிறது. மூலையில் இடைவெளி அதிகம், விரல் நுனி போகும். நடுவுக்குப் போகப் போகக் குறைகிறது. வலது மூலையிலும் 20 செ.மீ. அளவுக்கு லேசாக விட ஆரம்பித்திருக்கிறது. மழை பெய்தால் கண்ணாடியின் உள்பக்கம் நீர்க்கோடு இறங்குகிறது. கண்ணாடி ஆடவில்லை; மேல் ஓரமும் பக்க ஓரங்களும் கெட்டியாக இருக்கின்றன.

கேட்க வேண்டியது இரண்டுதான். எந்தப் பசை போடுவது? கூரையை வண்டியிலிருந்து கழற்றாமல் செய்ய முடியுமா?

ஊசிநூல்:

பசைக்குப் போவதற்கு முன் எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லோரும் பின் கண்ணாடி டிரிம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் கட்டுமானம் நாலு விதம். ஒன்றுக்குச் செய்யும் வேலை இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

துணியை நேரடியாகக் கண்ணாடியில் ஒட்டியது ஒரு வகை. கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பீங்கான் பட்டை சுட்டிருப்பார்கள், அதன் மேல் பசை, பசை மேல் துணி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இதுதான். வெளியே கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம், உள்ளே இன்னொரு சட்டம், இரண்டுக்கும் நடுவில் துணியைக் கவ்விப் பிடித்து உள்ளேயிருந்து நட்டு முடுக்கியது இரண்டாவது. பழைய வண்டிகளில் வரும் ரப்பர் பீடிங், அதாவது கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டை, மூன்றாவது. பிளாஸ்டிக் ஜன்னலைத் துணியோடு தைத்தோ வெப்பத்தில் ஒட்டியோ, ஓரத்தில் பைப்பிங் (உருண்டையான கரைப் பட்டை) ஓட்டியது நாலாவது. மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை (1989–1997) பிளாஸ்டிக், அதுவும் ஜிப் வைத்தது; இரண்டாம் தலைமுறையில் கண்ணாடி வந்துவிட்டது. போர்ஷ் பாக்ஸ்டர் 986-இல் 2003 மாடல் முதல்தான் கண்ணாடி. ஆகவே வண்டிப் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், மாடல் ஆண்டையும் பாருங்கள். கூரையை இடையில் மாற்றியிருந்தால் அதுவும் உதவாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எழும்பிய ஓரத்தை மெல்லத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம். முழுதும் துணியோடு போய்க் கண்ணாடி பளிச்சென்று இருந்தால் கண்ணாடிப் பக்கத்துப் பிரைமர் (பசை பிடிக்க முதலில் பூசும் பூச்சு) தோற்றிருக்கிறது. கண்ணாடியில் பசை இருந்து, அதன் மேல் துணியின் பஞ்சும் நூலும் ஒட்டிக்கொண்டிருந்தால் துணியின் அடுக்கே பிரிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பசை இருந்தால் பசை நடுவில் கிழிந்திருக்கிறது, அதாவது இழுவிசை அதிகம். கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் உள்வாங்கி மீண்டு வருவது யூரித்தேன், விண்ட்ஷீல்டு ஒட்டும் ரப்பர் போன்ற பசை. பழுப்பாக நூல் நூலாக இழுபட்டால் காண்டாக்ட் சிமென்ட் (இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு அழுத்தும் பசை), யாரோ முன்பே கை வைத்திருக்கிறார்கள். வழவழப்பாகக் கையோடு உரிந்து வந்தால் சிலிக்கான். அப்படியானால் வேலை இரண்டு மடங்கு.

நேர்கோணம்:

ஊசிநூல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் கருத்தில் பசை கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, எது இழுத்து உரித்தது?

கண்ணாடி மடங்காது, துணி மடங்கும். கூரை இறங்கும்போது கண்ணாடி சாய்ந்து உள்ளே போக, அதன் கீழ் ஓரத்தில்தான் துணி மடங்க வேண்டும். பசை, பக்கவாட்டு இழுப்பை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் இழுப்பை அதே பசை தாங்காது, ஏனென்றால் அப்போது முழுப் பாரமும் ஒரு மெல்லிய கோட்டில் விழுகிறது. மூலையில் இரண்டு திசை இழுப்பும் சேர்வதால் பெரும்பாலும் கீழ் மூலையில்தான் முதலில் விடும். குளிரில் விறைத்த கூரையை இறக்கினால் இன்னும் மோசம்.

ஒரு சோதனை. முன் லாட்ச்சுகளை (கூரையை விண்ட்ஷீல்டு சட்டத்தோடு பிடிக்கும் கொக்கிகள்) பூட்டிய நிலையில், எழும்பிய ஓரத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். கண்ணாடியில் பழைய பசைக் கோடு தெரியும். துணி அந்தக் கோட்டில் தானாக வந்து உட்கார்ந்தால் நல்லது, ஒட்டினால் நிற்கும். 2, 3 மி.மீ. குறைந்தால் இழுப்பைத் தளர்த்தி ஒட்டலாம். 5 மி.மீ.-க்கு மேல் குறைந்தால் துணி சுருங்கியிருக்கிறது, அல்லது பின் சட்டத்தில் மாட்டும் துணி ஓரம் தவறாக இழுபட்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எந்தப் பசை போட்டாலும் மறுபடி உரியும்.

இன்னொன்று, கூரையை மெதுவாக இறக்கிப் பாதியில் நிறுத்தி, உள்ளே உள்ள எலாஸ்டிக் பட்டைகளைப் பாருங்கள். மடங்கும்போது துணியைக் கண்ணாடிக்கு வெளியே இழுத்து வைப்பதற்காகவே அவற்றை வைத்திருக்கிறார்கள். தளர்ந்தோ அறுந்தோ போனால் துணி கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். பட்டை மாற்றாமல் டிரிம் மட்டும் ஒட்டுவது வீண். ஆனால் கண்ணாடி ஓரம் விட்டிருக்கும் நிலையில் இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள்.

மடக்குக்கூரை:

பார்த்துவிட்டேன். பசை கறுப்பு, நகம் அழுத்தினால் மீள்கிறது. முக்கால்வாசி துணியோடு போயிருக்கிறது, கண்ணாடிப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. இடது மூலையில் துணி 3 மி.மீ. குறைகிறது, வலது பக்கம் தானாக உட்காருகிறது. இடதுபக்க எலாஸ்டிக் தளர்ந்து தொங்குகிறது, வலதில் பிடிப்பு இருக்கிறது.

வேகவழி:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அதிக வெப்பம் தாங்கும் காண்டாக்ட் சிமென்ட் வாங்கி இரண்டு பக்கமும் தடவி, 10 நிமிடம் விட்டு அழுத்தினால் முடிந்தது. ஹெட்லைனருக்கு (கூரையின் உள்பக்கத் துணி) அதுதானே போடுகிறோம்?

கண்ணாடிப்பட்டை:

ஹெட்லைனர் தன் எடையை மட்டும் தாங்குகிறது. இங்கே கூரையின் இழுப்பு முழுவதும் அந்த ஓரத்தில் இருக்கிறது. காண்டாக்ட் சிமென்ட் படலம் மிக மெல்லியது, அதில் மீள்தன்மைக்கு இடமில்லை. வெயிலில் கறுப்புக் கூரை தொட முடியாத அளவுக்குச் சூடேறும். அப்போது சாதாரணக் காண்டாக்ட் சிமென்ட் இளகி, பாரம் இருக்கும் திசையில் மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டே போகும். காலையில் ஒட்டியது சாயங்காலம் 2 மி.மீ. நகர்ந்திருக்கும். வினைல் கூரையில் இன்னொரு சிக்கல்: வினைலில், அதாவது பிவிசியில், அதை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் எண்ணெய் நியோப்ரீன் வகைக் காண்டாக்ட் சிமென்ட்டுக்குள் ஊறி அதைக் களி போலாக்கிவிடும். வினைலை வினைலோடு ஒட்ட வேண்டுமானால் நைட்ரைல் அல்லது பாலியூரித்தேன் அடிப்படை உள்ளதை வாங்க வேண்டும்.

மற்ற பசைகளையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பார்கள். சிலிக்கான் வேண்டவே வேண்டாம். காடி நெடி அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், டீஃபாகர் இணைப்பை அரிக்கும். அதைவிடப் பெரிய தீமை, ஒரு தடவை துணியில் இறங்கினால் பிறகு வேறு எதுவும் அங்கே ஒட்டாது. சூப்பர் குளூ விறைத்துப்போகும், உரிப்பு இழுப்பில் படக்கென்று விட்டுவிடும், சுற்றிலும் வெள்ளைப் படலம் வேறு பூக்கும். இரட்டைப் பக்க ஃபோம் டேப் வழவழப்பான பரப்புக்குத்தான், நெய்த துணியில் நூல்களின் உச்சியை மட்டும் தொட்டு நிற்கும். ஹாட் மெல்ட் குச்சி வெயிலுக்கு இளகும்.

விண்ட்ஷீல்டு ஒட்டும் ஒற்றைக் கூறு (எதையும் கலக்கத் தேவையில்லாத) பாலியூரித்தேன், அதற்கே உரிய கண்ணாடிப் பிரைமர். இந்த வேலைக்கு அதுதான். காய்ந்த பிறகும் ரப்பர் போல நீண்டு சுருங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் யூரித்தேன் சிதையும், கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டை இருப்பதே முக்கியமாக அதற்காகத்தான். அதனால் பசை கறுப்புப் பட்டையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

மடக்குக்கூரை:

முழு முறையையும் எழுத முடியுமா சார்? கூரை வண்டியிலேயே இருக்கட்டும்.

கண்ணாடிப்பட்டை:

கழற்ற வேண்டியதில்லை. 60 செ.மீ. வேலைக்குக் கூரையைக் கழற்றினால் புதுப் பிரச்சினைகள்தான் வரும்.

முதலில் அளவு. 6 மி.மீ. விட்டமுள்ள பசைக் கோடு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 28 மி.லி. ஆகும். உங்கள் இரண்டு மூலைக்கும் சேர்த்து 17 மி.லி. போதும். 300 மி.லி. கார்ட்ரிட்ஜ் திறந்தால் மிச்சம் நாசிலிலேயே இறுகிவிடும், ஆகையால் சின்ன டியூப் கிடைத்தால் அதை வாங்குங்கள். காலாவதி தேதி பாருங்கள். பிரைமர் அதே நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும், இரண்டையும் கலந்து பொருத்தினால் பொறுப்பேற்க ஆளில்லை. ஐசோபுரொப்பில் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி, ரேசர் பிளேடு, 25 மி.மீ. மாஸ்கிங் டேப், 1.5 மி.மீ. தூண்டில் நரம்பு, நியோடைமியம் காந்தங்கள் ஜோடி ஜோடியாக, பாலித்தீன் தாள், நைட்ரைல் கையுறை. பசையில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கிறது, கதவுகளைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

எலாஸ்டிக்கை முதலில் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் கூரை கோணலாக மடங்கும்.

அடுத்து இழுப்பைத் தளர்த்துவது. முன் லாட்ச்சுகளைத் திறந்து, முன் சட்டத்தை விண்ட்ஷீல்டிலிருந்து 15 செ.மீ. வரை உயர்த்தி மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். உங்கள் 3 மி.மீ. குறை இந்த நிலையில் மறைய வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் கூரையானால் பாதி வழியில் விட்டுவிட்டு வேலை செய்யாதீர்கள். ஹைட்ராலிக் அழுத்தம் மெல்ல இறங்கி, நீங்கள் பசையோடு நிற்கும்போது கூரை அசையும். கட்டாயம் முட்டுக் கொடுக்க வேண்டும்.

சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. துணியில் தங்கிய பழைய யூரித்தேனை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டாம். பிளேடால் மேல் பரப்பைச் சீவி, 1 மி.மீ. தடிமனுக்கு விடுங்கள். புதிய யூரித்தேன் பழையதின் புதுசாக வெட்டிய முகத்தில் ஒட்டுவது போல வேறெதிலும் ஒட்டாது. சீவிய முகத்தைக் கையால் தொடக் கூடாது, சீவிய அன்றே பசை போட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் கெட்டியாக இருந்தால் அவற்றையும் அதே மாதிரி சீவி விடுங்கள். நகத்தால் கிளம்பினால் எடுத்துவிடுங்கள். கண்ணாடியின் வெறும் இடத்தை ஆல்கஹாலால் இரண்டு முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துணி.

பெட்ரோல், தின்னர், டர்பென்டைன் எதுவும் துணிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. நல்ல கேன்வாஸ் கூரை மூன்று அடுக்கு: வெளியே அக்ரிலிக் நெசவு, நடுவில் பியூட்டைல் ரப்பர், உள்ளே பாலியெஸ்டர் அல்லது பருத்தி. மழையைத் தடுப்பது அந்த நடு அடுக்குதான். பெட்ரோல் வகைக் கரைப்பான் பட்டால் பியூட்டைல் உப்பி, அடுக்குகள் பிரியும். பிறகு கண்ணாடியில் பசை அப்படியே இருக்கும், துணி மட்டும் தோல் உரிந்த மாதிரி வரும்.

ஊசிநூல்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சீவும்போது துணியின் வெட்டு ஓரத்தை உற்றுப் பாருங்கள். நூல் பிரிந்து மீசை மீசையாக நின்றால் கூர்மையான கத்திரியால் அந்த நூல்களை மட்டும் வெட்டுங்கள், இழுக்காதீர்கள். ஓரத்தில் திறந்து கிடக்கும் அடுக்குகள் வழியாகத் தண்ணீர் திரியில் ஏறுவது போல உள்ளே ஏறும். பல நேரம் ஒட்டு சரியாக இருந்தும் கசிவதற்கு இதுதான் காரணம். பசை போட்ட பிறகு, வெட்டு ஓரத்தின் மேல் விரலால் ஒரு மெல்லிய பூச்சு இழுத்துவிட்டால் அது அடைபடும். துணி உள்ளே ஈரமாக இருந்தால் அன்று வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி, ஒரு இரவு விட்டு, மறுநாள் பாருங்கள்.

கண்ணாடிப்பட்டை:

சரியாகச் சொன்னீர்கள். தொடர்கிறேன்.

மாஸ்கிங் டேப்: கண்ணாடியில் டிரிம் முடியும் கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே ஒன்று, துணியின் மேல்முகத்தில் ஓரத்தை ஒட்டி ஒன்று. காய்ந்த யூரித்தேன் அக்ரிலிக் நெசவிலிருந்து வரவே வராது, டேப் ஒட்டச் சோம்பல்பட்டால் அந்தக் கறுப்புத் தீற்றல் கூரை இருக்கும்வரை இருக்கும்.

பிரைமர் பாட்டிலை உள்ளே உருண்டை சத்தம் கேட்கும்வரை குலுக்குங்கள், கேட்ட பிறகு இன்னும் ஒரு நிமிடம். கண்ணாடியின் வெறும் இடத்தில் மட்டும், ஒரே திசையில், ஒரே இழுப்பில் மெல்லிய பூச்சு. திரும்பத் தேய்த்தால் கோடு கோடாகக் கிளம்பும். பெரும்பாலான பிரைமருக்குக் குறைந்தது 10 நிமிடம் காய வேண்டும், லேபிளில் எழுதியதே இறுதி.

பிறகு பசை. கண்ணாடியில், கறுப்புப் பட்டையின் நடுவில் 6 மி.மீ. கோடாக, நிறுத்தாமல் ஓட்டுங்கள். விட்ட இடம் முடிந்து நல்ல ஒட்டு தொடங்கும் இடத்தில் சும்மா நிறுத்தக் கூடாது, நாசில் நுனியை அந்த இடுக்கில் செருகி 1 செ.மீ. உள்ளே தள்ளி நிரப்புங்கள். மறுபடி உரியத் தொடங்கினால் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். தூண்டில் நரம்பை 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 8 செ.மீ.-க்கு ஒன்று பசைக்குள் படுக்க வையுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் 1.5 மி.மீ. பசை நடுவில் நிற்கும். பசை முழுதும் பிதுங்கி வெளியேறும்படி அழுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. தடிமன் இல்லாத யூரித்தேனால் நீள முடியாது, உரியும்.

மேல் தோல் பிடிக்க 20, 30 நிமிடம் ஆகும். சூட்டிலும் ஈரக்காற்றிலும் இன்னும் சீக்கிரம். அதற்குள் துணியைக் கொண்டு வந்து வையுங்கள். மூலையில் தொடங்காமல், நடுவில் தொடங்கி மூலையை நோக்கி விரலால் நீவிக்கொண்டு போனால் சுருக்கம் விழாது. மூலையில் மிஞ்சும் துணி கண்ணாடியின் வளைவோடு சமமாகப் பகிர்ந்து உட்கார வேண்டும், ஒரே மடிப்பாகச் சேரக் கூடாது.

அழுத்திப் பிடிக்கக் காந்தங்கள். பாலித்தீன் தாளில் யூரித்தேன் ஒட்டாது, அதனால் வெளியே பாலித்தீன், அதன் மேல் காந்தம், கண்ணாடிக்கு உள்பக்கம் அதன் ஜோடி. 5 செ.மீ. இடைவெளி. காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், படாரென்று மோதினால் கண்ணாடி ஓரம் தெறிக்கும். உள் காந்தத்தை டீஃபாகர் கோட்டின் மேல் இழுத்துத் தேய்க்காதீர்கள்.

அரை மணி கழித்து, பசை இன்னும் இளசாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை எடுத்துவிடுங்கள். யூரித்தேன் காற்றின் ஈரத்தால் இறுகுகிறது. 23 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாளைக்கு 3 அல்லது 4 மி.மீ. ஆழம் காயும். காந்தங்களை 24 மணி நேரம் வையுங்கள். முன் லாட்ச்சை 48 மணிக்குப் பிறகு பூட்டலாம். கூரையை இறக்குவது ஒரு வாரம் கழித்து. நேர் வெயிலில் செய்ய வேண்டாம், சூடான கண்ணாடியில் மேல் தோல் உடனே பிடித்து உள்ளே குமிழி நிற்கும்.

மின்கம்பி:

டீஃபாகர் இருப்பதால் ஒரு குறிப்பு. பசை போடுவதற்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள். பல வண்டிகளில் இணைப்புத் தகடு இதே ஓரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், துணியைத் தூக்கும்போது விட்டுவிடும்.

இன்ஜின் ஓடட்டும், டீஃபாகரைப் போட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடலில், வையுங்கள். சிவப்பு முனையில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிக் கோட்டைத் தொடுங்கள், கூர்மையான முனை கோட்டைக் கீறும். ஒரு ஓரத்தில் ஏறக்குறைய பேட்டரி வோல்ட்டேஜ், மறு ஓரத்தில் பூஜ்யம், நடுவில் பாதி வர வேண்டும். இடையில் எங்காவது திடீரென்று தாவினால் அங்கே கோடு அறுந்திருக்கிறது. கடத்தும் வெள்ளிப் பெயின்ட் அதற்குப் போதும்.

தகடு கழன்றிருந்தால் சாதாரணச் சால்டர், கோட்டில் உள்ள வெள்ளியையே கரைத்துத் தின்றுவிடும். 2, 3 சதவீதம் வெள்ளி கலந்த சால்டர் வாங்குங்கள், சூட்டைச் சில வினாடிக்கு மேல் காட்டாதீர்கள். கண்ணாடியைச் சூடாக்கப் பயந்தால் கடத்தும் வெள்ளி எபாக்ஸி நல்லது. வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு மாட்டுங்கள். கண்ணாடி மடங்கி இறங்கும்போது வயர் இறுகி நின்றால் மறுபடி தகட்டைப் பிடுங்கும்.

சட்டம்கட்டி:

இதே இழையில் கேட்கிறேன். இரண்டாவது வகை எனக்கு. வெளிப் பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுத் தண்டில் இரண்டு உடைந்துவிட்டன, கீழ்ப்பக்கம் சட்டம் துணியை விட்டு எழும்புகிறது. சட்டம் தனியாகக் கிடைக்கவில்லை.

நேர்கோணம்:

சட்டத்தின் பின்பக்கம் எழுத்து பொறித்திருக்கும், அதைப் பாருங்கள். ஏபிஎஸ் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) என்றால் ஒட்டலாம். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால் சாதாரண எபாக்ஸி பிடிக்காது. பிபி குச்சி வைத்து உருக்கி இணைக்க வேண்டும்.

ஏபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். உடைந்த தண்டையே திரும்ப ஒட்டப் பார்க்காதீர்கள், அந்தச் சின்ன வட்டம் இழுப்பைத் தாங்காது. அடியில் துளைகள் போட்ட தகடு வைத்த உலோகத் திருகுத் தண்டு கிடைக்கிறது. சட்டத்தின் குழிவுக்குள் அடங்குமாறு தகட்டை வெட்டி, 80 நம்பர் உப்புத்தாளால் பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்கி, இரு கூறு பிளாஸ்டிக் பசையில் பதியுங்கள். பசை துளைகள் வழியாக மேலே வந்து தகட்டை மூட வேண்டும், பிடிப்பு அதில்தான். தண்டு சரியான இடத்தில் நிற்க, பசை காயும்வரை சட்டத்தை உள் சட்டத்தோடு சும்மா பொருத்தி வையுங்கள். நடுவில் ஒரு பாலித்தீன் தாள் இருக்கட்டும்.

மாட்டும்போது துணிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பியூட்டைல் டேப். அது இறுகவே இறுகாது, அதனால் பின்னாளில் கழற்றவும் முடியும். நட்டுகளைக் கையால் முடுக்கி முடித்துவிட்டு, பிறகு எதிரெதிராக, நடுவிலிருந்து மூலைக்கு, கால் சுற்று கால் சுற்றாக. மறுநாள் பியூட்டைல் அமுங்கி நட்டு தளர்ந்திருக்கும், இன்னொரு கால் சுற்று கொடுங்கள். அதற்கு மேல் முடுக்கினால் மிச்சத் தண்டுகளும் போகும்.

நட்டு கழலாமல் இருக்கத் திரவத் திரெட் லாக்கர் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. ஏபிஎஸ் பக்கத்தில் அதைக் கொண்டு போகாதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை அது விரிசல் விடச் செய்யும். நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள்.

பழையஜிப்:

பிளாஸ்டிக் ஜன்னல்காரர்களுக்கும் ஏதாவது சொல்லுங்களேன். ஜன்னலுக்கும் வினைலுக்கும் நடுவில் உள்ள தையல் 15 செ.மீ. பிரிந்துவிட்டது. பைப்பிங் நன்றாக இருக்கிறது, நூல்தான் பொடிப்பொடியாக உதிர்கிறது.

ஊசிநூல்:

நூல் உதிர்கிறது என்றால் வெயில் தின்றுவிட்டது. பிரிந்த 15 செ.மீ. மட்டுமல்ல, அதே வயதுள்ள மிச்சத் தையலும் அதே நிலையில்தான் இருக்கும். நகத்தால் ஒரு தையலைக் கிளப்பிப் பாருங்கள். அறுந்தால் சுற்றளவு முழுவதும் புதிதாகத் தைக்க வேண்டிவரும்.

வீட்டில் துணி தைக்கும் பருத்தி நூல், நைலான் நூல் இரண்டும் வேண்டாம், வெயிலில் நிற்காது. கெட்டியான, பூச்சுப் போட்ட பாலியெஸ்டர் நூல். செலவுக்கு அஞ்சாவிட்டால் பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூல், வெயில் அதை ஒன்றும் செய்யாது.

வண்டியிலேயே தைப்பதானால் மெஷின் போகாது, இரண்டு ஊசிக் கைத்தையல்தான். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒன்று வெளியிலிருந்து, ஒன்று உள்ளிருந்து, ஒரே துளை வழியாகக் குறுக்கே போக வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் இருந்தால் வேகமாக நடக்கும். நூல் நீளம் தைக்கும் நீளத்தைப் போல ஐந்து மடங்கு எடுங்கள். பழைய துளைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளை போட்டால் ஜன்னல் பிளாஸ்டிக் தபால்தலை ஓரம் போலக் கிழிந்து வரும். இரண்டு பக்கமும் நல்ல தையலுக்குள் 3 செ.மீ. ஏறித் தையுங்கள். முதல் தையலிலிருந்து கடைசித் தையல் வரை ஒரே இறுக்கம் வேண்டும். அதிகம் இழுத்தால் பைப்பிங் நெளியும்.

ஜன்னலைக் குளிரில் தொடாதீர்கள், விறைத்த பிளாஸ்டிக் துளையிலிருந்தே விரிசல் விடும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து இளகிய பிறகு தையுங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 என்றால் கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். தையலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அதுதான் ஆயுள்.

ரப்பர்வளையம்:

மூன்றாம் வகைக்குச் சுருக்கமாக. ரப்பர் பீடிங்கின் நடுப் பள்ளத்தில் செருகியிருக்கும் பூட்டுப் பட்டை மூலையில் எழும்பினால், பட்டை பழுதில்லை, ரப்பர் சுருங்கிவிட்டது. பட்டையைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளுவதால் பயனில்லை. புது ரப்பரை வெட்டும்போது சரியான நீளத்துக்கு மேல் 5 மி.மீ. விட்டு, முட்டு முனைகளை நெருக்கித் திணியுங்கள். இணைப்பு மூலையில் வரக் கூடாது. சோப்புத் தண்ணீர் தவிர வேறு வழுக்கி வேண்டாம். எண்ணெய், கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும்.

மடக்குக்கூரை:

இரண்டு மூலையும் ஒட்டி முடித்தாயிற்று. எலாஸ்டிக் இரண்டும் புதிது. டீஃபாகரில் ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தது, சரி செய்தேன். வலது பக்கம் சுத்தமாகக் காய்ந்துவிட்டது. ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது இடது பக்கம் பின் இருக்கைக்குக் கீழே இன்னும் ஈரம். கண்ணாடியில் நீர்க்கோடு எதுவும் இல்லை. ஒட்டு சரியில்லையா?

நேர்கோணம்:

கண்ணாடியில் கோடு இல்லையென்றால் ஒட்டின் மேல் பழி போட அவசரம் வேண்டாம். எப்படி ஊற்றினீர்கள்? மேலேயிருந்து மொத்தமாகக் கொட்டினால் எந்த வழியாக வந்தது என்று தெரியாது.

ஹோஸில் நாசில் இல்லாமல், அழுத்தம் குறைத்து, கீழிருந்து தொடங்குங்கள். முதலில் கூரையின் கீழ் ஓரம் வண்டி உடலைத் தொடும் இடத்தில் 3 நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு, ஓரம் முழுவதும் டிஷ்யூ தாள் செருகி வைத்துப் பார்க்கட்டும். தாள் நனையவில்லை என்றால் 10 செ.மீ. மேலே, கண்ணாடியின் கீழ் ஓரத்தில் 3 நிமிடம். பிறகு பக்க ஓரம், கடைசியில் மேல் ஓரம். முதலில் நனையும் தாள்தான் பதில்.

பின் இருக்கைக்குக் கீழே ஈரம் என்றால் நான் முதலில் வடிகாலைச் சந்தேகிப்பேன். கூரையின் பின் ஓரத்தில் விழும் தண்ணீரைப் பல வண்டிகளில் ஒரு ரப்பர் தொட்டி வாங்கி, இரு பக்கமும் குழாய் வழியாகக் கீழே விடும். இலையும் மண்ணும் அடைத்தால் தொட்டி நிறைந்து இருக்கைப் பக்கம் வழியும். இடது வடிகாலில் ஒரு டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றி, வண்டிக்குக் கீழே எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள், வலதோடு ஒப்பிடுங்கள். அடைத்திருந்தால் வளையக்கூடிய பிளாஸ்டிக் வயரை மெல்ல விட்டுக் குடையுங்கள். கம்பியோ கம்ப்ரஸர் காற்றோ வேண்டாம், குழாய் உள்ளே கழன்றுவிட்டால் இருக்கை, பக்கப் பலகை எல்லாம் பிரிக்க வேண்டிவரும்.

மடக்குக்கூரை:

வடிகால்தான். வலதில் உடனே வருகிறது, இடதில் சொட்டுச் சொட்டாக. வயர் விட்டு எடுத்ததும் கறுப்புச் சேறு வந்தது, இப்போது இரண்டும் ஒரே மாதிரி ஓடுகின்றன. டிஷ்யூ தாள் கண்ணாடி ஓரத்தில் எங்கேயும் நனையவில்லை. ஒரு வாரம் முடிந்ததும் கூரையை நேராக இறக்கிவிடலாமா?

கண்ணாடிப்பட்டை:

வெயில் ஏறி துணி இளகிய நேரத்தில் இறக்குங்கள். முதல் முறை பாதியில் நிறுத்தி, முட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு கீழ் மூலைகளையும் பாருங்கள். புது எலாஸ்டிக் துணியை வெளியே இழுத்திருக்க வேண்டும். துணி இன்னும் கண்ணாடிப் பக்கம் சரிந்தால் எலாஸ்டிக்கை 1 செ.மீ. சுருக்கி மாட்டுங்கள், அதன் பிறகு முழுக்க இறக்குங்கள். ஈரமான கூரையை மடித்து வைக்க வேண்டாம். மறுபடி ஏற்றிப் பூட்டியதும் ஒட்டின் இரண்டு முடிவுகளையும், அதாவது புதுப் பசையும் பழைய பசையும் சந்திக்கும் இடத்தை, விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு முடியளவு இடுக்கு தெரிந்தாலும் உடனே நாசில் நுனியால் பசை செருகிவிடுங்கள். 1 செ.மீ. வேலையாக இருக்கும்போதே செய்தால் காந்தம் ஒரு ஜோடி போதும்.